சோடியம் 112: பாட்டிலை விட யூரின் பையைக் கவனியுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 68 வயது, எடை ஐம்பது கிலோ. பி.பி.க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு நாள் வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பேச்சு குழம்பி, பேரனின் பெயரை மாற்றிச் சொன்னாராம். மருத்துவமனையில் பார்த்தபோது சோடியம் 112, பொட்டாசியம் 2.9. ஐசியூவில் முதலில் ஒரு சின்ன பாட்டில் ஏற்றினார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். மறுநாள் காலைக்குள் சோடியம் 118. குடும்பம் சந்தோஷப்பட்டால், டாக்டரோ "இன்னைக்கு இது போதும், இதுக்கு மேல ஏறக் கூடாது" என்கிறார். யூரின் நிறையப் போக ஆரம்பித்ததும் ஓர் ஊசி போட்டு, வெறும் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) பாட்டிலையும் மாட்டினார்களாம். அவர் கேட்பது இதுதான்: "உப்பு குறைஞ்சா உப்பை ஏத்த வேண்டியதுதானே? ஏறினதை எதுக்கு மறுபடி இறக்குறாங்க?"

இதற்குள் அவர் நேராகக் கேட்கத் தயங்கிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பில்லுக்காக இழுக்கிறார்களோ என்பது. இருபது வருடத்துக்கு மேல் சென்னையில் பொது மருத்துவமும் தீவிர சிகிச்சையும் பார்த்து வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்தது என்றால், உங்கள் டாக்டர் செய்தது சரி. சொல்லப் போனால், பலர் தவறவிடும் இடத்தில் விழித்திருந்து செய்திருக்கிறார். ஆனால் அம்மாவை நான் பார்க்கவில்லை. சோடியம் ஏன் குறைந்தது என்பதை யூரின் பரிசோதனையும் கையால் தொட்டுப் பார்ப்பதும் இல்லாமல் சொல்ல முடியாது. அதனால் சிகிச்சையை நான் இங்கிருந்து மாற்றச் சொல்லப் போவதில்லை, அதன் பின்னால் இருக்கும் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். "உப்பு குறைந்துவிட்டது" என்று நாங்களே வார்டில் சொல்லிப் பழக்கிவிட்டோம். ரிப்போர்ட்டில் வருவது உடம்பில் இருக்கும் மொத்த உப்பின் அளவு கிடையாது. ஒரு லிட்டர் ரத்த நீரில் எத்தனை மில்லிமோல் சோடியம் கரைந்திருக்கிறது என்ற அடர்த்தி அது. வழக்கமாக 135 முதல் 145 வரை இருக்கும். ரசத்தில் உப்பு கம்மியாகத் தெரிவதற்கு உப்பைக் குறைத்துப் போட்டதும் காரணமாகலாம், தண்ணீர் அதிகம் ஊற்றியதும் காரணமாகலாம். இந்த நோயில் பெரும்பாலும் இரண்டாவதுதான் கதை. வாந்தியில் உடம்பு வற்றும்போது, அல்லது சில மாத்திரைகளாலும் நோய்களாலும், மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து "தண்ணீரை வெளியே விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏடிஎச் என்று பெயர். அந்த நேரத்தில் வீட்டில் நாம் அன்பாகக் கொடுக்கும் வெந்நீர், இளநீர், அரிசிக் கஞ்சித் தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது.

அப்படி நீர்த்துப் போனால் தண்ணீர் செல்களுக்குள் புகும். மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூளையைச் சுற்றி மண்டை ஓடு இருக்கிறது, வீங்க இடம் கிடையாது. ஒரே நாளில் சோடியம் சரிந்தால் தலைவலி, வாந்தி, ஃபிட்ஸ், கோமா என்று போய் உயிரே போகலாம். ஆனால் சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால் மூளை ஒரு வேலை செய்கிறது. தன் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் வேறு சில கரைபொருட்களையும் வெளியே தள்ளி, உள்ளே வந்த தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறது. கல்யாணத்துக்கு உறவினர்கள் வந்து இறங்கும்போது பீரோவையும் கட்டிலையும் மொட்டை மாடிக்கு ஏற்றி இடம் பண்ணுவோமே, அப்படி. ஏறக்குறைய 48 மணி நேரத்தில் இந்த ஏற்பாடு முடிந்துவிடும். அதனால்தான் 112 என்ற எண்ணோடு ஒருவர் எமர்ஜென்சிக்கு நடந்தே வருகிறார், இன்னொருவர் 120 இருக்கும்போதே ஃபிட்ஸோடு வருகிறார்.

சாமானெல்லாம் மாடியில் இருக்கும்போது சோடியத்தை மளமளவென்று ஏற்றினால் என்ன ஆகும்? மெரினாவில் மாங்காய்ப் பத்தையில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, இரண்டு நிமிடத்தில் மாங்காய் நீர் விட்டுத் துவளும். வெளியே அடர்த்தி கூடியதும் மூளைச் செல்லிலிருந்தும் அப்படித்தான் தண்ணீர் வெளியேறும். வெளியே தள்ளிய கரைபொருட்களைத் திரும்ப உள்ளே கொண்டுவர அதற்குப் பல நாள் வேண்டும். அதற்குள் செல்கள் சுருங்கிச் சாகின்றன, நரம்பு இழைகளின் மேல் இருக்கும் மயலின் உறை சிதைகிறது. குறிப்பாக மூளைத் தண்டில், பான்ஸ் என்ற பகுதியில். இந்தச் சேதத்தை 1959-இல் அமெரிக்காவில் ஆடம்ஸ், விக்டர், மான்கால் ஆகிய மூவர் முதலில் எழுதினார்கள். மது அடிமைகளிடமும் ஊட்டம் குறைந்தவர்களிடமும் பார்த்திருந்தார்கள், காரணம் அப்போது பிடிபடவில்லை. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ் என்ற சிறுநீரக மருத்துவரின் குழு எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதியது. எட்டுப் பேருக்கும் சோடியம் ஒரு நாளைக்கு 12-க்கு மேல் ஏற்றப்பட்டிருந்தது. இன்று இதை ஆஸ்மோட்டிக் டிமைலினேஷன் என்கிறோம்.

இதுவரை சொன்னதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஃபிட்ஸ், நினைவிழப்பு, மூச்சு தடுமாற்றம் என்று வந்தால் தயங்காமல் 3% சலைன் (கெட்டியான உப்பு நீர்) ஏற்ற வேண்டும் என்பதிலும் கிடையாது. 100 மில்லியைப் பத்து நிமிடத்தில் கொடுப்பது ஒரு வழக்கம், தேவைப்பட்டால் மூன்று தடவை வரை. ஐரோப்பிய வழிகாட்டுதலில் 150 மில்லியை இருபது நிமிடத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். சோடியம் 4 முதல் 6 வரை ஏறினாலே மூளை வீக்கத்தின் உடனடி ஆபத்து விலகிவிடும். உங்கள் அம்மாவுக்கு முதலில் போட்ட "சின்ன பாட்டில்" அதுவாகத்தான் இருக்கும். ஆறு ஏறியதும் போதும் என்றதற்கு இதுதான் காரணம். மூளைக்கு அன்றைக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. 135-ஐத் தொட வேண்டும் என்ற அவசரம் மூளைக்கு இல்லை, நமக்குத்தான்.

எவ்வளவு வேகம் வரை போகலாம்? நாள்பட்ட குறைவில் 24 மணி நேரத்துக்கு 4 முதல் 8 வரை இலக்கு வைத்து, 10 அல்லது 12-ஐத் தாண்டாமல் பார்ப்பது பொதுவான நடைமுறை. சிலருக்கு இன்னும் இறுக்கமாக 4 முதல் 6 என்று வைத்து, 8-ஐ எல்லையாகக் கொள்வோம். யார் அந்தச் சிலர்? சோடியம் 105 அல்லது அதற்குக் கீழே போனவர்கள், மது அடிமைகள், ஊட்டம் குறைந்தவர்கள், கல்லீரல் முற்றிக் கெட்டவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள். உங்கள் அம்மாவின் பொட்டாசியம் 2.9. நான்கு நாள் சாப்பிடவும் இல்லை. அவர் இறுக்கமான கணக்கில் வருகிறார். இதில் பலர் மறப்பது ஒன்று உண்டு. குறைந்த பொட்டாசியத்தைச் சரிசெய்யக் கொடுக்கும் மருந்தும் சோடியத்தை ஏற்றும். பொட்டாசியம் செல்லுக்குள் போக, அதற்குப் பதிலாகச் சோடியம் வெளியே வரும். "சலைனே போடலை, சோடியம் எப்படி ஏறுச்சு?" என்று டூட்டி டாக்டர் குழம்பும்போது பொட்டாசியம் சிரப்பைக் காட்டிக் கொடுத்த சந்தர்ப்பங்கள் எனக்கு உண்டு.

இப்போது பாட்டில் கணக்கு. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு, அதாவது 154 மில்லிமோல் சோடியம். 3% சலைன் ஒரு லிட்டருக்கு 513. உங்கள் அம்மாவின் ஐம்பது கிலோ உடம்பில் தண்ணீர் ஏறக்குறைய 22.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். புத்தகச் சூத்திரப்படி, 112 இருப்பவருக்கு ஒரு லிட்டர் நார்மல் சலைன் ஏற்றினால் சோடியம் 1.8 ஏறும். 100 மில்லி 3% சலைன் ஏற்றினாலும் கிட்டத்தட்ட அதே 1.8-தான். இந்தக் கணக்கை முதன்முறை போட்டுப் பார்க்கும் மாணவர்கள், "இவ்வளவுதானா? அப்புறம் எதுக்கு சார் இத்தனை பயம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சூத்திரம் பாட்டிலிலிருந்து உள்ளே போவதை மட்டும் எண்ணுகிறது. சிறுநீராக வெளியே போவதை அது பார்ப்பதே இல்லை. ஆபத்து வருவது அந்தப் பக்கத்திலிருந்து.

எனக்கு இது புரிந்த விதம் நல்ல விதம் இல்லை. மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மருத்துவமனையில், உங்கள் அம்மா போலவே ஓர் அம்மா வந்தார். வாந்தி, பி.பி. மாத்திரை, சோடியம் 108. உடம்பு வற்றியிருந்தது. சாயங்காலம் இரண்டு பாட்டில் நார்மல் சலைன் ஏற்றினோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் யூரின் பை நிரம்ப ஆரம்பித்தது. தண்ணீர் மாதிரி வெளுத்த யூரின். "கிட்னி நல்லா வேலை செய்யுது" என்று நான் கேஸ் ஷீட்டில் எழுதியே வைத்தேன். வற்றிய உடம்பு நனைந்ததும் அந்த ஏடிஎச் ஹார்மோன் சட்டென்று நின்றிருக்கிறது. அடைத்திருந்த மதகு திறந்தது போல வெறும் தண்ணீர் லிட்டர் கணக்கில் வெளியேறியிருக்கிறது. விடியற்காலை சோடியம் 124. பதினாறு ஏறிவிட்டது. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார், மகள்கள் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். ஐந்தாம் நாள் அவருக்கு நாக்கு குழறியது. இரண்டு நாளில் விழுங்க முடியவில்லை, கை கால் வலுவிழந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பிடித்துக்கொண்டு நடந்தார், பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. இந்தச் சேதம் பெரும்பாலும் இப்படித்தான் இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, எல்லாரும் நிம்மதியான பிறகு தலைகாட்டும். முதல் சில நாள் எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம்.

அன்று எங்களுக்கு உறைக்காததை உங்கள் டாக்டர் செய்திருக்கிறார். யூரின் மணிக்கு 100 மில்லியைத் தாண்டிப் போகிறது, நிறமும் வெளுக்கிறது என்றால் சோடியம் ஏறப் போகிறது என்று அர்த்தம். ரத்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அந்தப் பை சொல்லிவிடும். அவர் போட்ட ஊசி டெஸ்மோப்ரெசின் என்று நினைக்கிறேன். பொதுவாக இரண்டு மைக்ரோகிராம் அளவில் போடுவோம். நின்றுபோன ஹார்மோனின் வேலையை அது செய்து மதகை மூடுகிறது. டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரை உடம்பில் எரிந்துபோனதும் மிச்சம் வெறும் தண்ணீர்தான். அது வெளியே போன தண்ணீரை ஈடுகட்டுகிறது. ஏற்றியதை இறக்குவதாக உங்களுக்குப் பட்டது, உண்மையில் 118-லேயே பிடித்து நிறுத்தும் வேலை. ஒருவேளை எல்லையைத் தாண்டிவிட்டாலும் இதே வழியில் திரும்ப இறக்கலாம். சீக்கிரம் செய்தால் சேதம் தவிர்க்கப்படுகிறது என்பதற்கு விலங்கு ஆய்வுகளும் நோயாளிகளின் அனுபவமும் இருக்கின்றன.

நம்மூரில் "ட்ரிப்ஸ் போட்டா தெம்பு வரும்" என்ற நம்பிக்கைக்கு ஒரு வார்த்தை. காரணம் தெரியாமல் நார்மல் சலைன் ஏற்றினால் சிலருக்குச் சோடியம் இன்னும் இறங்கும். நுரையீரல் நோய், மூளை நோய், சில புற்றுநோய்கள், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், கார்பமாசிபின் போன்ற வலிப்பு மாத்திரைகள் ஆகியவற்றால் ஏடிஎச் தேவையில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவரின் சிறுநீரகம் ஏற்றிய உப்பை முழுக்கச் சின்ன அளவு கெட்டியான யூரினில் வெளியே தள்ளிவிட்டு, பாட்டிலில் வந்த தண்ணீரில் பாதியை உள்ளே வைத்துக்கொள்ளும். அவர்களுக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் மருந்து. அதனால், ஏற்றுவதற்கு முன்பு யூரின் ஆஸ்மோலாலிட்டி (யூரின் எவ்வளவு கெட்டி என்ற அளவு), யூரின் சோடியம் இரண்டுக்கும் ஒரு சாம்பிள் எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள். பணம் வீணாகும் டெஸ்ட் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை 500, 600 என்று இருப்பவர்களுக்கும் சோடியம் குறைவாகக் காட்டும், அங்கே சிகிச்சையே வேறு.

சந்தேகம் இருக்கும் பகுதிக்கு வருகிறேன், இதை மறைப்பது நியாயமில்லை. வேகத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை எவ்வளவு தூரம் சரி என்பதில் இப்போது பெரிய வாக்குவாதம் நடக்கிறது. 2023-இல் டொரான்டோவின் ஐந்து மருத்துவமனைகளில் சோடியம் குறைவோடு சேர்க்கப்பட்ட 22,858 அட்மிஷன்களை அலசினார்கள். மூளைச் சேதம் வந்தது 12 பேருக்கு. அதிலும் ஏழு பேருக்குச் சோடியம் வேகமாக ஏற்றப்படவே இல்லை. வேறு சில ஆய்வுகளில், மெதுவாகச் சரிசெய்யப்பட்டவர்களிடம்தான் இறப்பு அதிகம் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு "வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்" என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மிகவும் முடியாமல் இருப்பவருக்கு, ஈரல் கெட்டவருக்கு, இதயம் தளர்ந்தவருக்குச் சோடியம் இயல்பாகவே மெதுவாகத்தான் ஏறும். அவர்கள் இறந்ததற்கு மெதுவான சிகிச்சை காரணமா, அடிப்படை நோய் காரணமா என்பதை இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்வது கடினம். டொரான்டோவில் இருந்த பெரும்பாலோருக்குச் சோடியம் அவ்வளவு ஆழமாகக் குறைந்திருக்கவும் இல்லை. 112-உம், தாழ்ந்த பொட்டாசியமும், பட்டினியும் சேர்ந்த ஒருவருக்கு நான் இன்றும் 8-ஐத் தாண்ட விடமாட்டேன். அதேபோல் பயந்துபோய் மூன்று நாள் 112-லேயே வைத்திருப்பதையும் ஏற்கமாட்டேன், அதுவும் ஆபத்துதான். 3% சலைனைச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து விடுவதா, சிறு சிறு அளவாக விட்டு விட்டுக் கொடுப்பதா என்று கொரியாவில் 178 பேரை வைத்து ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். எல்லை மீறி ஏறியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் விட்டு விட்டுக் கொடுப்பவன். காரணம் ஆய்வு மட்டும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பை நிறுத்த ராத்திரி மூன்று மணிக்கு யாராவது மறந்துவிடுவார்கள்.

நீங்கள் அங்கே செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பயன் உண்டு. ட்ரிப்ஸ் ஓடும் கையிலிருந்து ரத்தம் எடுத்தால் எண் தப்பாக வரும், மறு கையில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். ஐசியூவில் இருக்கும் ஏபிஜி (ரத்த வாயு) மெஷினும் லேபில் இருக்கும் மெஷினும் ஒரே ரத்தத்துக்கு இரண்டு மூன்று எண் வித்தியாசம் காட்டலாம். 118, 121 என்று குதித்தால் உடனே பதறாமல், இரண்டும் ஒரே மெஷினா என்று கேளுங்கள். யூரின் பை வேகமாக நிரம்பினால் சிஸ்டரிடம் சொல்லுங்கள், தொந்தரவாக நினைக்க மாட்டார். வீட்டிலிருந்து உப்புப் போட்ட மோரோ, இளநீரோ கொண்டுபோய் ரகசியமாகக் கொடுக்காதீர்கள். குழப்பத்தில் இருப்பவருக்குப் புரையேறும், அதோடு டாக்டரின் கணக்கும் கெடும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு முதல் வாரத்தில் நாக்கு குழறுவது, விழுங்கச் சிரமம், நடை தள்ளாடுவது, காரணமில்லாமல் அழுவது அல்லது மௌனமாகிவிடுவது என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே திரும்பக் கூட்டிப்போங்கள்.

அப்புறம் அந்த பி.பி. மாத்திரை. பட்டையின் பின்பக்கம் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டாபமைடு என்ற யூரினைக் கூட்டும் மருந்துகளில் ஏதாவது ஒன்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். டெல்மிசார்டன் என்ற இன்னொரு பி.பி. மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால் பலருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. வயதான, ஒல்லியான பெண்களுக்குச் சோடியம் இப்படி விழுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அதுதான், சோடியத்தோடு பொட்டாசியமும் சேர்ந்து விழுந்திருப்பது அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. அதுதான் காரணம் என்று டாக்டர் உறுதி செய்தால், அந்த மருந்தை இனி தரக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு பி.பி. மாத்திரை எழுதுவார். ஒரு வாரம் கழித்துச் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜ் மேலே, கைப்பையில், சாமி அலமாரியில் எங்கெல்லாம் அந்தப் பழைய பட்டை மிச்சமிருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இதே சோடியத்தோடு ஒரே மாதத்தில் இரண்டாம் தடவை வந்தவர்களில் பாதிப் பேர், "காசு கொடுத்து வாங்கினது, வீணாகுதே" என்று அந்தப் பட்டையை முடித்தவர்கள்.